தீவின் குரலும் கரையின் செவியும்

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்குத் தீவு என்றதும் முதலில் நினைவில் எழுவது கடலன்று, வானொலிப் பெட்டிதான். மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும், நடுவே முல்லைப் பெரியாறு. இந்நிலத்திலிருந்து கடலைக் காணப் பேருந்தில் அரைநாள் போக வேண்டும். ஆயினும் கடலுக்கு அப்பாலிருந்த கொழும்பு நம் திண்ணைக்கு வந்து பேசிற்று. திராட்சைப் பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவரும், தேநீர்க் கடையில் பாய்லர் மூட்டியவரும், பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் 'பொங்கும் பூம்புனல்' ஒலிக்கும் வேளையைக் கொண்டே காலையை அளந்தார்கள். அந்தப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்திய நினைவு மூத்தோர் பலருக்கு இன்றும் உண்டு. கேட்பதற்கே அரசிடம் உரிமம் பெற வேண்டியிருந்த காலம் அது.

நாம் கேட்டோம், பேசவில்லை. வானொலி என்பது ஓரிடத்திலிருந்து பேசுவதும் பல இடங்களில் கேட்பதுமான ஒருவழிப் பாதை என்றே நம் தலைமுறை அதை அறிந்துகொண்டது. அதே வானலையில், அதே சிற்றலை வரிசைகளுக்கிடையே, எளிய மனிதர்கள் தாமே கருவி கட்டி, தாமே கம்பி இழுத்து, முகமறியா ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது நம்மில் பெரும்பாலோர் அறியாத செய்தி. அவர்களை உலகம் 'ஹாம்' என்றும் 'அமெச்சூர் வானொலியர்' என்றும் அழைக்கிறது. அவர்களது வரலாற்றில் தீவுகளுக்கென்று தனியிடம் உண்டு. அத்தீவுகளுள் ஒன்றில் 2004 டிசம்பரில் நிகழ்ந்ததை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம். நினைவுகூர்வதோடு, அந்நிகழ்ச்சி நம்மிடம் விட்டுச்சென்ற ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

*

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'அமெச்சூர்' என்பதற்கு நம் அகராதிகள் பயில்முறையாளர், தொழில்முறை சாராதவர், ஆர்வலர் என்றெல்லாம் பொருள் தருகின்றன. பேச்சு வழக்கிலோ அது 'கத்துக்குட்டி' என்ற ஏளனத்தைச் சுமந்து நிற்கிறது. சொல்லின் வேர் இலத்தீனத்தில் 'அன்பு செய்தல்' என்னும் வினையில் இருக்கிறது. பொருள் கருதாமல் விருப்பம் ஒன்றினாலேயே ஒரு வேலையைச் செய்பவர் அமெச்சூர். தமிழுக்கு இந்த மரபு புதிதன்று. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் மாலை வேளைகளில் கூடி, ஊதியம் கருதாது நாடகம் ஆடினார்கள். நாடகம் என்பதன் மீதிருந்த சமூக மதிப்பே அவர்களால் மாறிற்று. முந்நூறு பிரதி அச்சிட்டு, கைக்காசில் தபால்தலை ஒட்டி அனுப்பிய சிற்றிதழ்க்காரர்களும் இச்சொல்லின் மூலப் பொருளில் அமெச்சூர்களே.

வானொலியும் தமிழகத்துக்குள் அமெச்சூர்களின் கைவழியேதான் நுழைந்தது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று அது ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927இல் சங்கம் கலைந்தது. அது விட்டுச்சென்ற கருவியைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பை மீட்டெடுத்தது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்து மக்கள் கேட்டார்கள். அகில இந்திய வானொலி நிலையம் 1938இல்தான் சென்னைக்கு வந்தது. சில தனிமனிதர்களின் ஆர்வத்தில் முளைத்ததை நகராட்சி வளர்த்தது. பின்னர் அரசு ஏற்றுக்கொண்டது.

இலங்கையின் கதையும் ஏறத்தாழ இதுவே. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1920களின் தொடக்கத்தில் கொழும்பில் பரிசோதனை ஒலிபரப்பு நடத்தினார். பிடிபட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உதிரிப் பாகங்களைக் கொண்டு அவர் தம் ஒலிபரப்பியை அமைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. நம் திண்ணைக்கு வந்த குரலின் முன்னோரும் விருப்பத்தால் கருவி கட்டியவர்தாம்.

*

தீவுக்கும் இக்கலைக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ளச் சிற்றலையின் இயல்பைச் சற்று அறிய வேண்டும். பூமிக்கு மேலே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொடங்கிச் சில நூறு கிலோமீட்டர் உயரம் வரை, சூரியக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன. சிற்றலை அவற்றில் பட்டு வளைந்து மீண்டும் நிலத்துக்கு இறங்குகிறது. ஒரே தாவலில் மூவாயிரம் கிலோமீட்டரைக் கடந்துவிடும். நிலத்திலும் கடலிலும் பட்டுத் திரும்பத் தாவி உலகையே சுற்றவும் கூடும். இதற்குக் கோபுரமோ கம்பிவடமோ வேண்டியதில்லை. 14 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் பேச ஏறத்தாழ பத்து மீட்டர் நீளச் செம்புக் கம்பி போதும். அதைத் தென்னை மரத்திலும் கட்டலாம். கருவியின் ஆற்றலோ நூறு வாட், நம் வீட்டுப் பழைய குண்டு விளக்கு ஒன்றின் அளவு. ஊர்தி மின்கலம் ஒன்றே அதை இயக்கும். இடையில் எவருடைய அனுமதியும் எந்த நிறுவனத்தின் சாதனமும் குறுக்கிடுவதில்லை. இதன் வலிமை இதுவே. அரசுகள் இதற்கு அஞ்சியதும் இதனாலேயே.

தீவுவாசிகளுக்கு இது பிழைப்பின் சாதனமாகவே இருந்ததுண்டு. பசிபிக் கடலின் பிட்கேர்ன் தீவு நல்ல எடுத்துக்காட்டு. 'பவுண்டி' கப்பலில் கலகம் செய்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் அச்சிறு தீவில், கலகத் தலைவன் பிளெட்சர் கிறிஸ்டியனின் கால்வழியில் வந்த டாம் கிறிஸ்டியன் பல பத்தாண்டுகள் அமெச்சூர் வானொலி இயக்கினார். வெளியுலகில் ஆயிரக்கணக்கானோருக்கு பிட்கேர்ன் என்பது அவர் குரலாகவே இருந்தது.

மறுபக்கத்தில், தொலைவில் இருப்போருக்குத் தீவின் குரலைப் பிடிப்பது பெருவேட்கை. அமெரிக்க அமெச்சூர் சங்கம் 1930களிலிருந்து ஒரு பட்டியலைப் பேணி வருகிறது. நாடுகளோடு, தாய்நிலத்திலிருந்து வெகுதொலைவிலுள்ள தீவுக் கூட்டங்களும் அதில் தனி இடங்களாக எண்ணப்படும். அவற்றுள் நூறு இடங்களோடு பேசியதை மெய்ப்பித்தால் விருது. மெய்ப்பிக்கும் சான்று அஞ்சலில் வரும் ஓர் அட்டை, 'க்யூ.எஸ்.எல். அட்டை' என்பார்கள். 1964இல் ஜெஃப் வாட்ஸ் என்ற ஆங்கிலேயர் தீவுகளுக்கென்றே தனிப் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். அதில் ஆசியக் கண்டத்தின் முதலாம் எண் எந்தத் தீவுக்கு என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அது அந்தமான்.

முதலாம் எண் பெற்ற அத்தீவு வானலையில் ஏறக்குறைய ஊமையாக இருந்தது. இந்தியாவின் அழைப்புக்குறிகள் 'வி.யு.' என்று தொடங்கும். பெருநிலத்துக்கு வி.யு.2, அந்தமான் நிக்கோபாருக்கு வி.யு.4, இலட்சத்தீவுக்கு வி.யு.7. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இரவிரவாக ஏங்கிக் காத்திருந்த குறிகளுள் வி.யு.4 ஒன்று. அக்குறியோடு பேசுவதற்கு அங்கே எவரும் இல்லை.

*

ஏன் இல்லை என்பதற்கு விடை இந்திய அரசின் நெடுநாள் அச்சத்தில் இருக்கிறது. அந்த அச்சம் காலனிய அரசிடமிருந்து வந்த சீதனம். 1939இல் போர் மூண்டதும் ஆங்கில அரசு அமெச்சூர் உரிமங்களை நீக்கிக் கருவிகளை ஒப்படைக்கச் சொல்லிற்று. அரசின் கணக்கில் அது பிழையான அச்சமும் அன்று. 1942 ஆகஸ்டில் காங்கிரஸ் தலைவர்கள் பெரும்பாலோர் சிறையிலிருந்தபோது பம்பாயில் 'காங்கிரஸ் வானொலி' என்ற கரந்துறை ஒலிபரப்பு எழுந்தது. கல்லூரி மாணவி உஷா மேத்தா அதன் குரல்களுள் ஒருவர். கருவியை அமைத்துத் தந்தவர் நரிமன் பிரின்டர் என்ற அமெச்சூர். இடம் மாற்றி இடம் மாற்றி ஒலித்த அவ்வானொலி நவம்பர் 12 அன்று பிடிபட்டது. மூன்று மாதத்துக்கும் குறைவான அதன் வாழ்நாள், வானலை எவர் கையிலும் அடங்காதது என்பதை ஆட்சியாளருக்கு உணர்த்தியது.

விடுதலைக்குப் பின் உரிமங்கள் மீண்டும் வழங்கப்பட்டன. தேர்வெழுதி, காவல்துறை விசாரணைக்குக் காத்திருந்து, பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் உரிமம் பெறலாம் என்ற நிலை வந்தது. ராஜீவ் காந்தியே வி.யு.2 ஆர்.ஜி. என்ற குறிகொண்ட அமெச்சூர்தான். ஆயினும் தீவுகள் மட்டும் மூடியே இருந்தன. அந்தமான் நிக்கோபார் எல்லைக் காவலின் நிலம். கப்பலில் மூன்று நாள் தொலைவு. தென்கோடியிலிருந்து சுமத்ரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். அங்கே எவரோ ஒருவர் கம்பி கட்டிக்கொண்டு உலகத்தோடு பேசுவதைப் பாதுகாப்புத் துறை விரும்பாததில் வியப்பில்லை.

ஐதராபாத்தில் 1983இல் தொடங்கப்பட்ட தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் 1980களின் பிற்பகுதியில் அந்தமானிலிருந்து சிறிது காலம் பேசியவர். மறுபடியும் அங்கே போக அவர் அனுமதி கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். கோப்பு துறைக்குத் துறை நகர்ந்து திரும்பிவர ஆண்டுகள் பதினைந்துக்கு மேல் ஓடின. ஒரு பெண், இல்லத்தரசி, எவ்வித ஆதாயமும் இல்லாத ஒரு காரியத்துக்காக இத்தனை ஆண்டு அலுவலகப் படிகள் ஏறியதை அக்காலத்தில் யாரேனும் கேள்விப்பட்டிருந்தால் 'வேண்டாத வேலை' என்றே சொல்லியிருப்பார்கள். 2004இல் அனுமதி கிடைத்தது. டிசம்பர் முதல் வாரத்தில் போர்ட் பிளேரில் விடுதி ஒன்றில் நிலையம் அமைந்தது. வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறி வானில் எழுந்தது.

அடுத்த மூன்று வாரம் உலக அமெச்சூர்களுக்குத் திருவிழா. ஒரே அலைவரிசையில் நூற்றுக்கணக்கானோர் ஒருசேரக் குரல் எழுப்ப, அந்த இரைச்சலுக்குள் ஒரு குறியைப் பிரித்தெடுத்து, பதில் சொல்லி, பதிவேட்டில் ஏற்றி, நொடிகளில் அடுத்தவருக்குச் செல்ல வேண்டும். பேச்சு என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. உன் குறி இது, என் குறி இது, உன் ஒலி எனக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, நன்றி. அவ்வளவே. வெளியாள் ஒருவருக்கு இது பயனற்ற ஆரவாரமாகத் தோன்றும். உண்மையில் அது இடைவிடாத பயிற்சி. இரைச்சலுக்குள் குரலைக் கேட்கும் பயிற்சி; கேட்டதைப் பிழையின்றி எழுதும் பயிற்சி; களைப்பிலும் நிதானம் இழக்காத பயிற்சி. எதற்காக அப்பயிற்சி என்பதை அப்போது அவர்களும் அறிந்திருக்கவில்லை.

*

அமெச்சூர்கள் தங்கள் பதிவேட்டில் உலகப் பொதுநேரத்தையே எழுதுவார்கள். இந்திய நேரம் காலை ஐந்தரைக்கு அவர்களது புதுநாள் பிறக்கும். 2004 டிசம்பர் 26, அவர்களது கணக்கில் பிறந்து ஒரு மணி நேரம்கூட நிறையவில்லை. நம் கணக்கில் காலை 6.29. ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவின் மேற்கே கடலடியில் பூமி பிளந்தது. அளவு 9.1.

பாரதி அப்போது விழித்திருந்தார். கருவியின் முன் இருந்தார். தரை ஆடத் தொடங்கியதும் நில அதிர்வு என்று ஒலிவாங்கியில் உரக்கச் சொல்லிவிட்டு வெளியே ஓடியதாக அவரே பின்னர் விவரித்திருக்கிறார். அந்த நொடியில் வி.யு.4 என்ற குறியின் தன்மை மாறிவிட்டது. சேகரிப்பவர்கள் தேடிய அரிய அட்டை, துயர்ப்பட்ட நிலமொன்றின் வாயாயிற்று.

தொலைபேசிகள் விழுந்தன, மின்சாரம் நின்றது. நிக்கோபாரின் நிலை சொல்லில் அடங்காதது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் தென்கோடியான இந்திரா முனையில் கலங்கரை விளக்கம் நின்ற நிலமே நான்கு மீட்டருக்கு மேல் கீழிறங்க, விளக்கு கடலுக்குள் நின்றது. தீவுக்கூட்டம் முழுவதும் இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு பேர். இவர்களுள் தமிழரும் உண்டு என்பதை நாம் தனியே நினைக்க வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களுள் சில கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டிருந்தன. ஒரு தீவிலிருந்து பெயர்க்கப்பட்டு இன்னொரு தீவில் நடப்பட்டவர்கள். அக்கச்சால்தான் மிகக் கொடிய அழிவைக் கண்ட தீவுகளுள் ஒன்று.

பாரதியும் குழுவினரும் கருவிகளை எடுத்துக்கொண்டு அவசர நிலையம் அமைத்தார்கள். பின்னர் துணை ஆணையர் அலுவலகத்திலிருந்து இயங்கினார்கள். நேற்றுவரை வரிசையில் நின்று கூவிய உலக அமெச்சூர்கள் அந்த அலைவரிசையை விட்டு விலகி அமைதி காத்தார்கள். பெருநிலத்தில் இருந்தவர்கள் முறைவைத்துக் கேட்டு, செய்திகளை எழுதி, உறவினர்களைத் தேடிப்பிடித்துச் சொன்னார்கள். இன்னார் உயிரோடிருக்கிறார், இன்னாரைப் பற்றித் தகவலில்லை. அச்செய்திகளின் வடிவமும் முந்தைய மூன்று வாரத்துப் பேச்சின் வடிவமே: ஒரு பெயர், ஓர் இடம், கேட்கிறதா, நன்றி. சில நாளில் அமெச்சூர்கள் கார் நிக்கோபாருக்கும் சென்று நிலையம் அமைத்துப் போர்ட் பிளேரோடு இணைத்தார்கள்.

அதே நாட்களில் நம் திண்ணைத் தீவிலும் இதுவே நடந்தது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தெற்கே அம்பாந்தோட்டையோடு தொடர்பு அறுந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர்கள் கருவிகளோடு அங்கே சென்று கொழும்போடு இணைப்பு ஏற்படுத்தினார்கள். அச்சங்கத்தின் அப்போதைய தலைவர் விக்டர் குணத்திலக்க, எளிய சிற்றலைக் கருவியே உயிர்களைக் காத்தது என்ற பொருளில் பின்னர் எழுதினார். ஓய்வு நாட்களில் கூடிப் பேசுவோர், கம்பி கட்டிப் பார்ப்போர், போட்டி நாளில் இரவு விழிப்போர். தீவுச் சங்கம் ஒன்றின் அன்றாட நடவடிக்கைகள் இவ்வளவே. அந்த அன்றாடம்தான் அன்று உதவிற்று.

*

இவ்விடத்தில் வரலாறு எழுதுவோர் வழக்கமாகத் தவறும் ஒரு பள்ளம் இருக்கிறது. நிகழ்ச்சியை வீரகாவியமாக்கிவிடுவது. அதைத் தவிர்க்க வேண்டும். அந்தமானில் இராணுவத்துக்கும் காவல்துறைக்கும் சொந்தக் கம்பியில்லாத் தொடர்புகள் இருந்தன. கப்பல்களும் விமானங்களும்தான் மக்களை மீட்டன. அமெச்சூர்கள் செய்தது குடிமக்களின் செய்தியைக் குடிமக்களுக்குக் கொண்டுசேர்த்தது. அது சிறிய பணியன்று. அதைப் பெரிதாக்கிக் காட்டவும் தேவையில்லை.

அதைவிடக் கசப்பான ஓர் உண்மையும் உண்டு. நில அதிர்வு 6.29க்கு. பேரலை நாகப்பட்டினத்தைத் தொட்டது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து. அந்த இரண்டரை மணி நேரத்தில் செய்தி இல்லாமல் இல்லை. கார் நிக்கோபார்த் தளத்திலிருந்து கடைசியாக வந்த செய்தி தீவு மூழ்குவதைச் சொன்னதாக விமானப்படைத் தலைமை பின்னாளில் தெரிவித்தது. வானிலைத் துறையின் தொலைநகல் பதவியிலிருந்த அமைச்சருக்குப் போகாமல் முன்னாள் அமைச்சர் வீட்டுக்குப் போனதும் அப்போது நாளேடுகளில் வந்தது. போர்ட் பிளேரிலிருந்து வானலையில் நில அதிர்வு என்ற சொல் எழுந்ததும் பலர் காதில் விழுந்தது. கடல் எழும் என்பதை அப்போது சொன்னவரும் அறியார், கேட்டவரும் அறியார். அறிந்திருந்தாலும் கேட்டதைக் கரைக்கு எடுத்துச்செல்லும் வழி எதுவும் இருக்கவில்லை. தமிழகக் கரையில் எண்ணாயிரத்தை ஒட்டிய உயிர்கள் போயின. அவற்றுள் ஆறாயிரத்துக்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும்.

தீவுக்குக் குரல் இருந்தது. கரைக்குச் செவி இல்லை. நாம் சொல்ல விழைவது இதுவே. பாரதி பிரசாத்தின் நெடிய காத்திருப்பு தீவுக்கு ஒரு வாயைத் தந்தது. அதற்கு இணையாகக் கரையோர ஊர்களில், பள்ளிகளில், மீனவர் குடியிருப்புகளில் கேட்கும் பழக்கத்தை வளர்க்க எவரும் காத்திருக்கவில்லை. அனுமதி தராத அரசைக் குறை சொல்வது எளிது. அனுமதி இருந்த பெருநிலத்திலும் நாம் எத்தனை பேர் அதைக் கேட்டுப் போனோம்?

அதன்பின் பல நடந்தன. 2005 மே மாதம் இஸ்ரோ 'ஹாம்சாட்' என்ற சிறு செயற்கைக்கோளை அமெச்சூர்களுக்கென்றே ஏவிற்று. 2014 வரை அது உழைத்தது. 2006இல் போர்ட் பிளேரில் அமெச்சூர் மாநாடு நடக்க அனுமதி கிடைத்தது, வெளிநாட்டவரும் வந்தனர். 2007 தொடக்கத்தில் இலட்சத்தீவிலிருந்து வி.யு.7 ஆர்.ஜி. என்ற குறி ஒலித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் அமைந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கம்பிவடம் பயன்பாட்டுக்கு வந்தது. தீவு இன்று முன்போல் தனித்தில்லை. ஆயினும் கம்பிவடம் அறுபடக் கூடியது. கோபுரம் விழக் கூடியது. 2015இல் சென்னை வெள்ளத்திலும் 2018இல் கேரள வெள்ளத்திலும் கைபேசி ஊமையான இடங்களில் அமெச்சூர்கள் மறுபடியும் தேவைப்பட்டார்கள்.

ஆவணம் என்ற நோக்கிலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த அமெச்சூர்களின் பதிவேடுகளில் கருத்தோ உணர்ச்சியோ இராது. நாள், நேரம், அலைவரிசை, குறி, ஒலித்தெளிவு என்று ஐந்தாறு கட்டங்களே. ஆனால் இன்ன நாள் இன்ன நிமிடத்தில் இன்ன இடத்தில் ஒரு மனிதர் விழித்திருந்து இன்னொருவரைக் கேட்டார் என்பதற்கு அதைவிடக் கறாரான சான்று இல்லை. வியன்னாவில் க்யூ.எஸ்.எல். அட்டைகளைத் திரட்டிப் பேணும் ஆவணக் காப்பகமே இருக்கிறது. ஓலைச்சுவடியையும் பழைய இதழையும் தேடிக் காக்கும் நம் ஆர்வலர்கள், ஊர்ப் பரணில் கிடக்கும் இந்த அட்டைகளையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

*

மலை சூழ்ந்த பள்ளத்தாக்கும் ஒருவகைத் தீவுதான். ஐப்பசி மழையில் போடிமெட்டுச் சாலையில் பாறை சரிந்தால் மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போனவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இம்மாவட்டம் மறவாது. அந்தச் சரிவுகளில் கைபேசி ஓரிடத்தில் பேசும்; பத்தடி தள்ளிப் பேசாது. கருவி ஒன்று இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே குரலும் செவியும் வேண்டும் என்று சொல்லும் உரிமை உண்டு.

அதற்குப் பெருந்திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் அறை, கூரையில் பத்து மீட்டர்க் கம்பி, உரிமத் தேர்வுக்கு அமரும் ஏழெட்டு மாணவர். வாரம் ஒருநாள் மாலை அவர்கள் கூடி, முகமறியாத ஒருவரிடம் தம் குறியைச் சொல்லி, கேட்கிறதா என்று வினவட்டும். பார்ப்பவர்கள் வேண்டாத வேலை என்பார்கள்; சொல்லிவிட்டுப் போகட்டும். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த பள்ளத்தாக்கு இது. கேட்பது நமக்குப் பழக்கமானது. இனி யார் அழைக்கிறார்கள் என்று கேட்கவும், கேட்டதும் மறுமொழி சொல்லவும் கற்றுக்கொண்டால் போதும்.